ஸ்காட்லாந்து மலைகளில் குளிர்கால நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் படிக்க வரும் நம் பிள்ளைகள், லண்டனிலிருந்து விடுமுறைக்குக் காரில் வரும் குடும்பங்கள், ஐடி நண்பர் குழுக்கள் என்று டிசம்பர் பிறந்தாலே யாராவது ஒருவர் "பென் நெவிஸ் ஏறிவிட்டு வரலாமா?" என்று கேட்கிறார்கள். பிரிட்டனின் மிக உயரமான மலை அது. வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் கீழே. கயிறு கட்டிப் பனிச்சுவர் ஏறுபவர்களுக்கு இது போதாது. மலையில் நடக்கப் போகிறவர்களுக்காக எழுதியது.

தொட்டபெட்டா 2637 மீட்டர். பென் நெவிஸ் 1345 மீட்டர்தான். இதற்குப் போய் இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா?

உயரத்தை மட்டும் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் தொட்டபெட்டா 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, பென் நெவிஸ் ஏறக்குறைய 57 டிகிரியில். தொட்டபெட்டா உச்சிக்குப் பக்கத்தில் வரை வண்டி போகும். பென் நெவிஸில் கிட்டத்தட்ட கடல் மட்டத்திலிருந்து அத்தனை மீட்டரையும் காலால்தான் ஏற வேண்டும். போதாததற்கு அட்லாண்டிக்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி வரும் புயல் மண்டலங்களை முதலில் நெஞ்சில் வாங்குவது இந்த மேற்குக் கரை மலைகள்தான்.

பென் நெவிஸ் உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வு நிலையம் இருந்தது. குளிர்காலத்திலும் அங்கேயே ஆட்கள் தங்கி மணிக்கொரு தரம் அளவெடுத்தார்கள். கோடையையும் சேர்த்து ஆண்டு முழுவதற்குமான சராசரி வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே வந்தது. மழையும் பனியும் அடிவாரத்திலுள்ள ஃபோர்ட் வில்லியமைப் போல இரண்டு மடங்கு.

எத்தனை டிகிரி குளிர் இருக்கும்?

உச்சியில் சாதாரணக் குளிர்கால நாளில் பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலிருந்து மைனஸ் 8 வரை எதுவும் இருக்கலாம். பிரிட்டனின் மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 27.2, மலை உச்சியில் பதிவானதல்ல. 1895இலும் 1982இலும் பிரேமர் என்ற கிராமத்தில், அதாவது பள்ளத்தாக்கில் பதிவானது. குளிர்ந்த காற்று கனமானது, அசைவில்லாத இரவில் கீழே போய்த் தேங்கிவிடும்.

டிகிரியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்லத்தான் இதைச் சொல்கிறேன். காற்றே இல்லாத மைனஸ் 10இல் நல்ல உடையோடு சுகமாக நடக்கலாம். பிளஸ் 1 டிகிரியில் ஈரப்பனியும் பலத்த காற்றும் சேர்ந்தால் உள்சட்டை வரை நனைந்து, இரண்டு மணி நேரத்தில் ஆள் துவண்டுவிடுவார். ஸ்காட்லாந்தில் அடிக்கடி கிடைப்பது இந்த இரண்டாவது வகை.

அப்படியானால் உண்மையான ஆபத்து எது?

காற்று. மற்ற ஆபத்துகளில் பெரும்பாலானவை காற்றின் பிள்ளைகள்தான்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இங்கே முன்னறிவிப்பில் மணிக்கு எத்தனை மைல் என்றுதான் சொல்வார்கள். 30 மைல் (சுமார் 50 கிலோமீட்டர்) காற்றில் நடக்கலாம், எரிச்சலாக இருக்கும், அவ்வளவுதான். 40 மைலில் நேராக நடப்பதே வேலையாகிவிடும். 60 மைலைத் தொட்டால் பலர் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடுவார்கள். அதுவும் ஒரே சீராக அடிப்பதில்லை. காற்றின் மேல் சாய்ந்து நடந்துகொண்டிருக்கும்போது அது சட்டென்று நின்றால் அந்தப் பக்கமாகவே விழுவோம். குறுகிய முகட்டில் அப்படி விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கெய்ர்ன்கோர்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர் வேகம் பதிவானது. அது சாதனை அளவு, தினசரி நிலவரம் இல்லை. ஆனால் அதில் பாதி வேகம் அங்கே எந்தக் குளிர்காலத்திலும் வந்துபோகும்.

அடுத்தது உடல் சூடு. காற்றில்லாத மைனஸ் 5 வேறு. அதே மைனஸ் 5இல் மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று அடித்தால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 15 மாதிரி.

அப்புறம், பனி வானத்திலிருந்து விழ வேண்டும் என்பதில்லை. நேற்று விழுந்த பனியைக் காற்று கிளப்பி முகத்தில் மணலாக அடிக்கும். வானம் நீலமாக இருக்க, இடுப்பு வரை எதுவும் தெரியாத நாட்கள் உண்டு. அந்தப் பனியைக் கொண்டுபோய் மறுபுறச் சரிவில் கொட்டிப் பனிச்சரிவுக்கு அடித்தளம் போடுவதும் இதே காற்றுதான்.

வானிலை முன்னறிவிப்பில் எதைப் பார்க்க வேண்டும்? போனில் வரும் ஆப் போதாதா?

போதாது. போன் ஆப் பெரும்பாலும் ஊருக்கான நிலவரத்தைத்தான் சொல்லும். கெய்ர்ன்கோர்ம் மலைகளின் அடிவார ஊரான ஏவிமோரில் 4 டிகிரி, மெல்லிய காற்று, சூரியன் படம். அங்கிருந்து 1000 மீட்டர் மேலே போனால் 6, 7 டிகிரி குறையும், காற்று இரண்டு மூன்று மடங்காகும்.

மலைக்கென்றே தனி முன்னறிவிப்புகள் இருக்கின்றன. எம்டபிள்யூஐஎஸ் என்ற மலை வானிலைத் தகவல் சேவையும், அரசு வானிலைத் துறையான மெட் ஆஃபீஸின் மலை முன்னறிவிப்பும் இலவசம். படிக்கும்போது முதலில் காற்றின் வேகம், பிறகு அது எந்தத் திசையிலிருந்து வருகிறது, பிறகு உறைநிலை எந்த உயரத்தில் இருக்கிறது, கடைசியாக மேகமும் மழையும். நம் ஆட்கள் நேரே "மழை வருமா?" என்ற வரிக்குப் போகிறார்கள். அது நான்காவது கேள்வி.

எந்த நேரத்தில் மாறுகிறது என்பதையும் பாருங்கள். "மதியத்துக்கு மேல் காற்று வலுக்கும்" என்று இருந்தால், மதியத்துக்குள் உச்சியைத் தொட்டால் போதும் என்று கணக்குப் போடக் கூடாது. அந்த நேரத்துக்குள் முகட்டிலிருந்து இறங்கியிருக்க வேண்டும்.

பென் நெவிஸ் ஏறி இறங்க எவ்வளவு நேரமாகும்?

வழக்கமான பாதையில் போகவர 16, 17 கிலோமீட்டர். கோடையில் சுமாராக நடப்பவருக்கு 7 முதல் 9 மணி நேரம். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் வெளிச்சமே 7 மணி நேரத்துக்கும் குறைவு. பனியில் கால் புதையும்போது வேகம் பாதியாகிவிடும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். விடியும் முன்பே தலைவிளக்கோடு கிளம்புவது, இருட்டில் இறங்கத் தயாராக இருப்பது, இல்லையென்றால் பாதியில் திரும்புவது, இந்த மூன்றில் ஒன்று. தலைவிளக்கு ஆளுக்கொன்று, கூடவே மாற்று பேட்டரி. போன் டார்ச்சைத் தலைவிளக்கு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

"வைட் அவுட்" என்கிறார்களே, மூடுபனி மாதிரிதானா?

இல்லை. ஊட்டி மூடுபனியில் காலடியில் தார்ச்சாலையோ புல்லோ தெரியும். வைட் அவுட்டில் தரையும் வெள்ளை, மேகமும் வெள்ளை, நிழல் என்பதே கிடையாது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதே தெரியாது. நின்றுகொண்டிருக்கும்போதே நகர்வது போலத் தலை சுற்றும். முன்னால் ஒரு பனிக்கட்டியை உருட்டி எறிந்து பார்ப்பது பழைய உத்தி. அது தரையில் தங்கினால் தரை இருக்கிறது. கண்ணெதிரே காணாமல் போனால் அங்கே தரை இல்லை.

போனில் ஜிபிஎஸ் இருக்கிறதே, வரைபடமும் திசைகாட்டியும் எதற்கு?

குளிரில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணைந்துவிடும். ஈரமான திரையில், தடித்த கையுறையோடு, 50 மைல் காற்றில் ஆப்பைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. போனை உள் பையில், உடல் சூட்டில் வைத்திருங்கள். இடம் சரிதானா என்று பார்த்துக்கொள்ள அது அருமையான கருவி. ஆனால் வழி நடத்துவது தாளும் ஊசியுமாக இருக்கட்டும். திசைகாட்டியையும் போனையும் ஒரே பையில் போட வேண்டாம், போனிலுள்ள காந்தம் ஊசியைக் கெடுத்துவிடும்.

பென் நெவிஸ் உச்சியையே பாருங்கள். மேலே பரந்த மேட்டுத்தளம். ஒரு பக்கம் வடக்கு முகத்தின் செங்குத்துப் பாறைகள், பனிக்காலத்தில் கார்டிலூ பிளவு உள்ளே வளைந்து வந்து காத்திருக்கும். மறுபக்கம் ஃபைவ் ஃபிங்கர் பள்ளம், இறங்குவதற்கு நல்ல வழிபோலத் தொடங்கிப் பாறையில் முடியும். வழி தெரியாத நாளில் இந்த இரண்டுக்கும் நடுவே இறங்கியாக வேண்டும். உச்சியில் நிற்கும் நில அளவைத் தூணிலிருந்து வரைபடக் கணக்கில் (அதாவது வரைபடத்தின் வடக்கிலிருந்து எண்ணி) 231 டிகிரியில் 150 மீட்டர், பிறகு திரும்பி 282 டிகிரியில் பாதை வளைந்து வளைந்து இறங்கத் தொடங்கும் இடம் வரை. இந்த இரண்டு எண்களையும் ஏறும் முன்பே எழுதிவைக்க வேண்டும்.

150 மீட்டர் என்பதை எப்படி அளப்பது? காலடிகளை எண்ணித்தான். சமதளத்தில் 100 மீட்டருக்கு உங்களுக்கு எத்தனை அடி என்று ஊரிலேயே ஒரு பூங்காவில் எண்ணிப் பாருங்கள். பனியில் அது கூடும், அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஊசியைப் பார்க்க, இன்னொருவர் அடி எண்ண, பேச்சில்லாமல் போவார்கள். எண்ணிக்கையின் நடுவே யாராவது "போட்டோ எடுக்கலாமா?" என்று கேட்டால் கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு.

பனிச்சரிவெல்லாம் இமயமலையிலும் ஆல்ப்ஸிலும்தானே? இங்கேயுமா?

இங்கேயும்தான். 2013 ஜனவரியில் கிளென் கோ பகுதியில் பிடியன் நாம் பியான் மலையில் பனிச்சரிவில் நான்கு பேர் இறந்தார்கள். மறு மாதமே கெய்ர்ன்கோர்ம் பகுதியில் சலமைன் கணவாயில் மூன்று பேர்.

காரணம், மறுபடியும் காற்று. மேற்கிலிருந்து காற்றடித்தால் மேற்குச் சரிவின் பனியைக் கிளப்பிக் கிழக்குச் சரிவில் அடுக்கும். அந்த அடுக்கு பலகைபோல இறுகும், ஆனால் கீழே இருக்கும் பழைய பனியோடு ஒட்டாமல் கிடக்கும். 30 முதல் 45 டிகிரி வரையான சரிவில் ஒருவர் கால் வைத்தால் பலகை உடைந்து மொத்தமாக நழுவும். பெரும்பாலும் அந்தச் சரிவைக் கிளப்பியவர் அதில் சிக்கியவராகவோ அவருடைய தோழராகவோதான் இருப்பார். இன்னொரு விஷயம்: காற்று மறைவான சரிவு நடப்பதற்கு இதமாக இருக்கும். புயலில் அடிபட்டு வந்தவர்கள் அங்கேதான் ஒதுங்குவார்கள். பனியும் அங்கேதான் ஒதுங்கியிருக்கிறது.

காலடியிலேயே சில அறிகுறிகள் கிடைக்கும். காலை வைத்ததும் பூட்ஸ் முனையிலிருந்து விரிசல் ஓடுவது, "வும்ப்" என்று அடியில் ஏதோ அமுங்கும் ஓசை, வெட்டினால் கேக் துண்டுபோலப் பெயரும் மேற்பனி, பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் வந்த வழியே திரும்பிவிடலாம். புதுப்பனி, பலத்த காற்று, திடீரென்று கூடும் வெப்பம் என்று வானிலை மாறியதற்குப் பிந்தைய ஓரிரு நாட்கள்தான் மிக மோசம்.

ஸ்காட்டிஷ் பனிச்சரிவுத் தகவல் சேவை, குளிர்காலம் முழுவதும் லோக்கேபர், கிளென் கோ, கிரேக் மெகி, டோரிடன், வடக்கு கெய்ர்ன்கோர்ம், தெற்கு கெய்ர்ன்கோர்ம் ஆகிய ஆறு பகுதிகளுக்குத் தினமும் அறிக்கை தருகிறது. ஆபத்து 1 முதல் 5 வரை. 3 என்று பார்த்ததும் "நடுத்தரம்தானே" என்று தோன்றும். உலகெங்கும் ஏராளமானோர் சிக்குவது அந்த 3இல்தான். 4, 5 வந்தால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். எண்ணைவிட, எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரத்துக்கு மேல் என்று காட்டும் வட்டப்படம் முக்கியம். உங்கள் பாதையை அதன்மேல் வைத்துப் பாருங்கள்.

புதைந்தவருக்கு நேரம் மிகக் குறைவு. பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால்தான் நல்ல நம்பிக்கை. மீட்புக் குழு அதற்குள் வர முடியாது. கூட இருப்பவர்கள்தான் தோண்ட வேண்டும்.

கார்னிஸ் என்றால் என்ன?

முகட்டின் ஓரத்தில் காற்று கட்டும் பனிக்கூரை. கீழே எதுவும் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேலிருந்து பார்த்தால் தரைபோலவே தெரியும். உடையும்போது நீட்டிய பகுதி மட்டும் உடைவதில்லை, பின்னால் சில மீட்டர்களையும் சேர்த்துக்கொண்டு போகும். ஓரத்திலிருந்து தாராளமாகத் தள்ளி நடங்கள். செல்ஃபி எடுக்க ஓரத்துக்குப் போகும் நண்பரைத் திட்டியாவது கூப்பிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கிய, ஷூவில் மாட்டும் ரப்பர் சங்கிலி முட்கள் போதுமா?

தட்டையான, உறைந்த நடைபாதைக்குப் போதும். மலைச்சரிவுக்குப் போதாது. அங்கே தேவை கிராம்பான் (பூட்ஸின் அடியில் மாட்டும் கூரிய உலோக முட்கள்), அதை மாட்டக்கூடிய விறைப்பான அடியுள்ள பூட்ஸ், ஒரு பனிக்கோடரி. கோடரி பையில் தொங்குவதற்கல்ல, கையில் இருக்க வேண்டும். இறுகிய பனியில் சறுக்கினால் ஓரிரு நொடிகளிலேயே வேகம் பிடித்துவிடும், அதற்குள் கோடரியால் நிறுத்த வேண்டும். படித்து வராத வித்தை அது. ஏவிமோர் அருகிலுள்ள கிளென்மோர் லாட்ஜ் போன்ற இடங்களில் குளிர்காலப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. புது ஜாக்கெட்டுக்குச் செலவழிக்கும் பணத்தை முதலில் அங்கே செலவழிக்கலாம் என்பது என் கருத்து.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் வேண்டாம், நனைந்தால் காயாது. பனிக்கண்ணாடி அவசியம், அது இல்லாமல் காற்றை எதிர்த்துக் கண் திறக்க முடியாது. கையுறை மூன்று ஜோடி. ஒன்று நனையும், ஒன்று பறக்கும்.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போவது?

புளியோதரை கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. சோறு விறைத்துப் போகும், கையுறையோடு பிசையவும் முடியாது. உட்கார்ந்து சாப்பிடும் மலையல்ல இது. சட்டைப் பையில் கைக்கெட்டும்படி கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், முந்திரி என்று வைத்து நடந்துகொண்டே கொறிக்க வேண்டும். பிளாஸ்கில் சூடாக ரசம் எடுத்துப் போனால் உங்கள் குழுவில் உங்களுக்குத்தான் மரியாதை.

உடல் குளிர்ந்து போவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

உடலின் உள் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் தாழ்வெப்பநிலை. தனக்கு வந்திருப்பது தனக்குத் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை, மூளையும் சேர்ந்தே மந்தமாகிவிடும். அதனால் ஒருவரையொருவர் கவனியுங்கள். வழக்கமாகக் கலகலப்பாகப் பேசுகிறவர் மௌனமாகப் பின்தங்குவது, ஜாக்கெட் ஜிப்பைப் பிடிக்க முடியாமல் தடவுவது, பேச்சு குழறுவது, கால் இடறுவது, "நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்க" என்று எரிந்து விழுவது. நடுக்கம் தானாக நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

முதலில் காற்றிலிருந்து மறைக்க வேண்டும். நாலைந்து பேர் உள்ளே உட்காரக்கூடிய குழுக்கூடாரத் துணி ஒன்று இருந்தால் ஐந்து நிமிடத்தில் உள்ளே வெதுவெதுப்பாகும். தரையிலிருந்து பிரிக்கப் பையையோ பாயையோ அடியில் போடுங்கள். உலர்ந்த உடுப்பை மேலே சுற்றுங்கள். தெளிவாக இருந்தால் இனிப்பும் சூடான பானமும் கொடுங்கள். கைகால்களைத் தேய்க்க வேண்டாம். பிராந்தி கொடுப்பது சினிமாவோடு போகட்டும், மது உடல் சூட்டை வெளியேற்றிவிடும்.

மாட்டிக்கொண்டால் ஓர் இரவை எப்படியாவது ஓட்டிவிட முடியாதா?

1971 நவம்பரில் எடின்பரோ பள்ளி மாணவர் குழு ஒன்று கெய்ர்ன்கோர்ம் மேட்டுத்தளத்தைக் கடந்து போகக் கிளம்பியது. புயல் பிடித்துக்கொண்டது. முன்னால் போன பிரிவு மேலே இருந்த சிறிய புகலிடக் குடிலை அடைந்துவிட்டது. பின்னால் வந்த பிரிவால் முடியவில்லை. குடிலுக்கு வெகு அருகிலேயே, பனியில் இரண்டு இரவுகள். ஐந்து மாணவர்களும், 18 வயதான உதவித் தலைவரும் இறந்தார்கள். பிரிட்டனின் மலை வரலாற்றில் அதுபோல இன்னொன்று இல்லை.

மோசமான வானிலையில் மேலே ஒரு குடில் இருக்கிறது என்ற நம்பிக்கையே ஆட்களை மேலே இழுக்கிறது, தேவைப்படும் நேரத்தில் அந்தக் குடில் கண்ணில் படாது என்ற வாதம் அதன்பின் எழுந்தது. கடைசியில் அந்தக் குடிலையே அகற்றிவிட்டார்கள். பயிற்சி பெற்றவர்கள் பனிக்குகை தோண்டி இரவைக் கழிப்பதுண்டு. களைத்து, நனைந்து, இருட்டில் முதல் முறையாகத் தோண்டுவது அதோடு சேர்த்தியில்லை. உடம்பில் தெம்பிருக்கும்போதே கீழே இறங்கிவிடுங்கள். பாதை மாறி வேறு பள்ளத்தாக்கில் இறங்கினாலும் பரவாயில்லை, டாக்சிக் காசோடு போகும். ஆனால் இறங்கும் சரிவு பாதுகாப்பானதா என்று வரைபடத்தில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஏப்ரலில் போனால் பனி இருக்காதல்லவா?

ஃபோர்ட் வில்லியமில் டாஃபோடில் பூத்திருக்கும், மேலே முழுக் குளிர்காலம் நடந்துகொண்டிருக்கும். பென் நெவிஸ் உச்சியில் பனி ஆழமாகக் கிடப்பது பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில்தான். இந்த மாதங்களில் இன்னொரு சிக்கல், காலையில் இறுகிய பனி மதிய வெயிலில் இளகுவது. ஓடைகளும் பெருகும். காலையில் தாண்டிய ஓடையை மாலையில் தாண்ட முடியாமல் போகலாம்.

கீழே ஒரே மேகமூட்டம் என்றால் மேலேயும் மோசமாகத்தான் இருக்குமா?

எப்போதும் இல்லை. உயர் அழுத்த நாட்களில் பள்ளத்தாக்கு மேகத்தில் மூழ்கியிருக்க, உச்சிகள் வெயிலில் நிற்கும். 1894இல் பென் நெவிஸ் ஆய்வு நிலையத்தில் சில வாரங்கள் தங்கிய இயற்பியலாளர் சி. டி. ஆர். வில்சன், மேகத்தின்மேல் விழும் நிழலையும் அதைச் சுற்றிய வண்ண வளையங்களையும் பார்த்து, அதை ஆய்வகத்தில் உருவாக்க முயன்றார். அதில் பிறந்ததுதான் மேக அறை, கண்ணுக்குத் தெரியாத அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் கருவி. 1927இல் நோபல் பரிசு கிடைத்தது. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தால் அதிர்ஷ்டம். முன்னறிவிப்பிலேயே அதைச் சொல்லியிருப்பார்கள்.

ஆபத்தில் யாரைக் கூப்பிடுவது? பணம் கட்ட வேண்டுமா?

999 அல்லது 112. முதலில் "போலீஸ்" கேளுங்கள், பிறகு "மவுன்டன் ரெஸ்க்யூ" என்று சொல்லுங்கள். மீட்புக் குழுவினர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. பேசும் அளவுக்கு சிக்னல் இல்லாத இடத்தில் குறுஞ்செய்தி போகலாம். அதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும்: 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் எழுதி 999க்கு அனுப்பினால் அடுத்த படிகளைச் சொல்வார்கள். இன்றே செய்துவிடுங்கள். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

ஹெலிகாப்டர் வந்துவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம். நீங்கள் சிக்கியிருக்கும் அதே மேகமும் காற்றும்தான் அதற்கும் தடை. அந்த மாதிரி நாளில் ஆட்கள் நடந்துதான் வருவார்கள், பல மணி நேரமாகும்.

பத்து மணி நேரம் கார் ஓட்டி வந்தாயிற்று, ஹோட்டலும் புக் பண்ணியாயிற்று. முன்னறிவிப்பு மோசம். என்ன செய்வது?

இந்தக் கேள்வியை எல்லோரும் கடைசியாகத்தான் கேட்கிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மூன்று திட்டம் வைத்திருங்கள்: உச்சி, நடு உயரம், காடு. ஏவிமோர் பக்கம் என்றால் ரோதிமர்கஸ் காட்டுக்குள் லோக் அன் ஐலன் ஏரியைச் சுற்றி சுமார் 5 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. மேட்டுத்தளத்தில் 70 மைல் காற்றடிக்கும் நாளிலும் பைன் மரங்களுக்கு நடுவே பெரும்பாலும் நடக்க முடியும். மரம் சாயும் அளவுக்குக் காற்று எச்சரிக்கை வந்திருந்தால் அதுவும் வேண்டாம், ஹோட்டலிலேயே சீட்டாடுங்கள். பனிச்சறுக்கு மையத்துக்குப் போகும் சாலையை கிளென்மோரிலேயே கதவு போட்டு மூடியிருந்தால், அந்தப் பக்கம் அன்றைக்கு மேலே போவதைப் பற்றி விவாதிக்கவே வேண்டியதில்லை.